ஐந்து கிலோ இருநூறு

நிலைக்கதவின் மேல் சட்டத்தில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு தொங்கு தராசு. வேலைக்குக் கிளம்பும் முன் பேஸ் அக்கா தன் கிட்டார்ப் பையை அதில் மாட்டுகிறார். இரண்டடி பின்வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முள் ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான்கு கிலோ எழுநூறு. போன வாரம் நாலரை. உள்ளே எவனோ ஏறியிருக்கிறான். முன்பக்க ஜிப்பைத் திறந்து துழாவினால், அடியில் கொஞ்சம் தண்ணீரோடு ஒரு பாட்டில் அகப்படுகிறது. “தண்ணி போற இடத்துல கிடைக்காதா என்ன?” என்று அதைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மறுபடி முள்ளைப் பார்க்கிறார். நாலரை. பையை இறக்கி, முதுகில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடுகிறார்.

வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளாக மேடைகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். திருமண வரவேற்பு, கம்பெனி மதிய விருந்து, கடைத் திறப்பு, ஓய்வுபெறுகிறவருக்கு வழியனுப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் ஐந்து பேர் கொண்ட அவருடைய குழு போய் நிற்கும். பாடகர் முன்னால், கீபோர்டு ஓரத்தில், டிரம்ஸ் பின்னால். டிரம்ஸுக்கும் சுவருக்கும் நடுவே கிடைக்கிற முழ இடத்தில் அக்கா. சாதாரண கிட்டாருக்கு ஆறு தந்தி. இதற்கு நான்குதான், ஆனால் ஒவ்வொன்றும் சைக்கிள் பிரேக் கம்பி கனம். பாட்டுக்கு அடியில் யாரோ நிதானமாக நடந்துகொண்டே இருப்பது போல் ஓர் ஒலி வருமே, அது இவருடையது. தொழிலைப் பற்றி யார் விசாரித்தாலும் அவர் சொல்கிற பதில் ஒன்றுதான்: “நான் வாசிக்கிறது யாருக்கும் கேக்காது. நிறுத்தினா கேக்கும்.”

எல்லாருக்கும் அவர் அக்காதான். டிரம்ஸ் வாசிக்கிற ‘இடி’ அவரைவிட ஆறு வயது மூத்தவர், பேரன் எடுத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். ஆரம்பத்தில் இதற்காகச் சண்டை போட்டுப் பார்த்த அக்கா, பத்தாவது வருடமோ என்னவோ, விட்டுக்கொடுத்துவிட்டார்.

எடை பார்க்கும் பழக்கம் அவரை எங்கேயும் விடுவதில்லை. வரவேற்பு மண்டபத்தில் நாற்காலியை இழுத்துப் போடும்போதே கையில் ஒரு கணம் நிறுத்தி, “ரெண்டு எண்ணூறு” என்பார். காய்கறிக் கடையில் பூசணிக் கீற்றைத் தூக்கிப் பார்த்து அவர் சொல்கிற கணக்கைக் கடைக்காரர் தராசில் போட்டுச் சரிபார்ப்பதையே நிறுத்திவிட்டார். ஒருமுறை ஒரு விருந்தில், சாப்பிடக் கை கழுவப் போன ஒரு தாய் தன் குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்ததும் அக்கா குழந்தையோடு சேர்த்து, “ஆறு கிலோ எழுநூறு, சட்டையோட” என்று கணக்கையும் கொடுத்தார். போன வாரம்தான் ஆஸ்பத்திரியில் ஆறரை என்று சொன்னார்களாம். அந்தத் தாய் அன்று முழுக்க மேடையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கணக்கெல்லாம் இரண்டு வருடமாகத்தான். அதற்கு முன் அக்காவுக்கு எடை என்பது ஒரு பொருட்டே இல்லை. கனமாக இருந்தால்தான் சத்தம் நிற்கும் என்பது அவருடைய கட்சி. இருபத்து நாலு வயதில் வாங்கிய பேஸ், காப்பிப் பொடி நிறத்தில், தொட்டால் கல் மாதிரிக் குளிர்ந்திருக்கும் கனத்த மரம். ஐந்து கிலோ இருநூறு. அதற்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி, முப்பத்தெட்டு கிலோ. இரண்டு பேர் பிடித்தாலும் வாசல்படியில் முரண்டு பிடிக்கும். ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்காது. ஆகவே குழுவில் அதற்கு ‘மாமனார்’ என்று பெயர். “மாமனார் வந்தாச்சா?” என்று பாடகர் கேட்பார். “மேல் மாடியாம், லிப்ட் இல்லையாம், மாமனார்கிட்ட யார் சொல்றது?” என்பார் இடி. அக்கா ஒரு பக்கம், இடி ஒரு பக்கம், மாமனாரைப் படியேற்றிக்கொண்டு போவார்கள். மேடையில் அதற்கு முன்னால் நின்று அடித் தந்தியை ஒரு தட்டுத் தட்டினால் கால்சட்டையின் விளிம்பு படபடக்கும். பேஸின் முதுகு அக்காவின் வயிற்றில் அழுந்தியிருக்குமா, அந்த ஒலி காதுக்குப் போகும் முன்பே விலா எலும்புக்குப் போய்விடும். அந்தச் சுகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு கம்பெனியின் மதிய விருந்து. நான்காவது பாட்டு. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் திடீரென்று அவருடையதாக இல்லாமல் போயின. வலியில்லை, ஒன்றுமில்லை. தந்தியை அழுத்தச் சொன்னார், அவை அழுத்தவில்லை. குனிந்து பார்த்தார். வேறு யாருடைய விரல்களோ தன் கையில் ஒட்டிக்கொண்டிருப்பது போலிருந்ததாம். மிச்ச இரண்டு விரலை வைத்துக்கொண்டு பாட்டை ஒப்பேற்றினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. பாடகருக்கே தெரியவில்லை. இடி மட்டும் பாட்டு முடிந்ததும் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, “என்னக்கா, கீழ ஆளே இல்லாத மாதிரி இருந்துச்சு” என்றார். அக்கா தந்திகளைத் துடைத்தார். அன்றைக்கு மாமனாரை இடியும் பாடகரும் இறக்கினார்கள்.

பிசியோதெரபி மருத்துவர் என்று ஒரு பெண்ணிடம் போனார். அவர் கழுத்தை அமுக்கிப் பார்த்தார், முழங்கையைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடி முன் நிறுத்தினார். அக்காவின் இடது தோள் வலதைவிட இரண்டு விரற்கடை மேலே இருந்தது. ஐந்து கிலோவை ஒரே தோளில் மாட்டி, அது வழுக்கிவிடாமல் இருக்கத் தோளைத் தூக்கிப் பிடித்தே இத்தனை வருடமாக நின்றிருக்கிறார். அங்கே ஒரு நரம்பு நசுங்குகிறது. விரல் மரத்துப்போவது அதனால்தான். இப்படியே போனால் மரப்பது நிற்காது, பிறகு கையில் பலம் குறையும், அதன்பிறகு எந்த பேஸும் வாசிக்க முடியாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். எடை குறைந்ததாக வேறொன்று வாங்கக்கூடாதா என்றும் கேட்டார். உங்கள் புருஷன் கனமாக இருக்கிறார், லேசாக ஒருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது போல அக்கா அவரைப் பார்த்தார்.

ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. பேஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்தார். முதலில் மாமனார் போனார். அவர் இடத்துக்குப் பதினோரு கிலோவில், ஒரே ஸ்பீக்கரோடு, சக்கரம் வைத்த ஒரு சின்னப் பெட்டி வந்தது. இரும்புக் குண்டு மாதிரி இருந்த ஆம்ப்ளிஃபயர் போய், அகராதிப் புத்தகம் அளவில் ஒன்று வந்தது. அதை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது, உள்ளே ஏதாவது வைக்க மறந்துவிட்டார்களா என்று கடைக்காரரைக் கேட்டாராம். மரப்பெட்டி உறை போனது. ஆறு மீட்டர் வயர் மூன்று மீட்டர் ஆனது. “எனக்கும் சுவத்துக்கும் நடுவுல எதுக்கு ஆறு மீட்டர்?” இவ்வளவையும் இறக்கிவிட்டு, ஐந்து கிலோ இருநூறை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு வாசித்தார். விரல்கள் மரத்தபோது கையை உதறிக்கொண்டார். மருத்துவரிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொன்னார்.

பொய் வீட்டில் உடைந்தது. கணவருக்குப் பை தைக்கும் தொழில். பள்ளிப் பை, பயணப் பை, அறுந்த கைப்பிடி, ஓடாத ஜிப் எல்லாம் அவரிடம் வரும். பேச்சு குறைவு. ஒரு காலையில் அக்கா இரண்டு கையாலும் சீப்பைப் பிடித்துத் தலைவாரிக்கொண்டிருந்ததைக் கதவருகே நின்று பார்த்தார். கடைக்குப் போய், உள்ளே பஞ்சு வைத்து, நான்கு விரல் அகலத்தில் கிட்டாருக்கு ஒரு தோள்பட்டி தைத்துக்கொண்டு வந்தார். மறுவாரம் அதைவிட அகலமாக ஒன்று. பிறகு இரண்டு தோளிலும் பாரம் பிரிகிற மாதிரி ஒன்று. தைத்ததை முதலில் தானே மாட்டி, ஐந்து கிலோ சர்க்கரைப் பையை அதில் தொங்கவிட்டுக்கொண்டு, அப்படியே தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து அரைநாள் வேலை பார்ப்பாராம். வந்த வாடிக்கையாளர்கள் என்ன நினைத்தார்களோ. பதினொன்றாவது பட்டியைக் கொண்டுவந்து கொடுத்த அன்று அவர் சொன்னது அக்காவுக்கு ஓர் எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது: “பட்டிய நான் எவ்வளவு வேணா அகலமா தைக்கலாம். மரத்தோட எடைய என்னால குறைச்சுத் தைக்க முடியாதும்மா.”

அதன் பிறகுதான் லேசானது தேடிக் கடை கடையாக ஏறினார், கையில் தொங்கு தராசோடு. விற்பனையாளர்கள் ஒலியைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது இவர் கொக்கியை மாட்டிக்கொண்டிருப்பார். முதலில் வாங்கியது இரண்டு கிலோ எண்ணூறுதான். அதைவிட லேசாக ஊரிலேயே கிடையாது என்று பெருமையாக மாட்டிக்கொண்டு மேடை ஏறினால், அதன் தலை கீழே சாய்ந்தது. உடல் லேசு, தலை கனம். கையை எடுத்தால் பஸ்ஸில் தூங்குகிற ஆள் மாதிரிப் பக்கத்தில் சாய்கிறது. வாசிக்க வேண்டிய இடது கை, அதைத் தூக்கிப் பிடிப்பதற்கே சரியாகப் போயிற்று. ஒரே மாதத்தில் மணிக்கட்டு வீங்கியது. மருத்துவர் இந்தத் தடவை கையெடுத்துக் கும்பிட்டார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கழுத்து கட்டையான ஒன்றைப் பிடித்தார்; கையை எடுத்தாலும் இருந்த இடத்தில் நிற்கும். தந்தி முறுக்கும் திருகுகளையும் லேசானதாக மாற்றினார். மூன்று கிலோ இருநூறு. மாதத்தில் நாலு வேலை என்று இருந்தது மறுபடி எட்டானது.

இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் ஒரு கதவு நிலையைத் தேடிப் பிடிக்கிறார். இரண்டு கையையும் அதில் ஊன்றி, நெஞ்சை முன்னால் தள்ளி, முப்பது எண்ணுகிறார். வரவேற்புக்கு வந்தவர்கள் வழி கேட்டுக் காத்திருப்பார்கள். மடக்கு முக்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறார். முன்பெல்லாம் தந்தியை அறைவார். இப்போது ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு விரலால் தடவுகிறார். அரைமணிக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு ஆட்டுகிறார். விரல்கள் பெரும்பாலும் சொன்னபடி கேட்கின்றன. புது பேஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டால், “நல்லாத்தான் இருக்கு” என்பார். விருந்துக்குப் போன வீட்டில் உப்புக் குறைந்த குழம்பைப் பற்றிச் சொல்கிற தொனியில்.

பழையதை விற்றாயிற்றா என்று கணவர் கேட்கவில்லை. துணியில் ஒரு மெத்தென்ற உறை தைத்து, “குடுக்கறப்போ இதுல போட்டுக் குடு” என்று மட்டும் வைத்தார். அக்காவும் அந்த உறையில் போட்டு, வாத்தியங்கள் பழுதுபார்ப்பவரின் கடையில் கொண்டுபோய் விட்டார். நல்ல ஆளாக வந்தால் விற்றுவிடச் சொன்னார். ஓர் ஆண்டுக்கும் மேலாக நல்ல ஆள் வரவில்லை.

வராமல் என்ன. செவ்வாய்க்கிழமை தோறும் அக்கா அந்தப் பக்கமாகப் போகிற வழியில் கடைக்கு ஏறுவார். அவர் வீட்டிலிருந்து எங்கே போனாலும் அந்தக் கடை வழியில் வராது. பேஸைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொள்வார். வாசிப்பதில்லை. சுருதி சேர்ப்பார், துடைப்பார், மாட்டுவார். விற்கப்போகிற பொருளுக்குப் புதுத் தந்தி வாங்கிப் போட்டார். வாங்க வருகிறவர்களைச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லும்படி பழுதுபார்ப்பவரிடம் கேட்டுக்கொண்டதும் அவர்தான். ஏனென்றால் ஓட்டை உடைசலையெல்லாம் நேரில் சொல்லிவிடுவதுதானே நியாயம்? சொன்னார். இடுப்பு போய்விடும் என்றார், கழுத்து வளைகிறது என்றார், விரல் அழுத்தும் மூன்றாவது கட்டையில் தந்தி கரகரக்கிறது என்றார், தன் இரண்டு விரல்களை நீட்டிக் காட்டினார். வந்த ஆறு பேரும் வேறு ஏதாவது வாங்கிக்கொண்டு போனார்கள். ஆறாவது ஆள் படியிறங்கியதும் பழுதுபார்ப்பவர், “நீங்க என் கடையில உக்காந்தா நான் கடையச் சாத்திட்டுப் போயிடலாம்க்கா” என்றார்.

ஏழாவதாக வந்தவர் ஒரு பெண். நகரப் பேருந்து ஓட்டுகிறார். பணிமனையில் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள், இத்தனை நாள் யாருடையதையோ இரவல் வாங்கி வாசித்தாராம். நாற்பது வயது இருக்கும். கதவை அடைக்கிற தோள். அக்கா தன் பாடத்தைத் தொடங்கினார். இடுப்பு, கழுத்து, கரகரப்பு, விரல். ஓட்டுநர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “பரவாயில்லக்கா, ஒரு தடவை பாத்துடறேன்” என்றார். சாப்பாட்டுப் பையை எடுப்பது போல ஒற்றைக் கையால் அதைச் சுவரிலிருந்து எடுத்தார். தானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எடுத்தோம் என்பது அக்காவின் கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பழுதுபார்ப்பவர் அதைக் கடையில் இருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்தார். ஓட்டுநர் வேகம் காட்டவில்லை. நாலே சுரம், நிதானமாக, திரும்பத் திரும்ப. அக்கா வாசலோரம் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒன்றும் இல்லாமல்.

இருபத்தெட்டு வருடத்தில் அந்த பேஸை எதிரே உட்கார்ந்து அவர் கேட்டதில்லை. எப்போதும் அதன் முதுகுப்பக்கம்தான் அவர். எலும்பு வழியாகவும் கால்சட்டை வழியாகவும் தெரிந்த ஒலி இப்போது அறையைக் கடந்து முகத்துக்கு நேராக வந்தது. நினைத்ததைவிட மென்மையாக இருந்தது. பக்கத்து அறையில் நமக்கு வேண்டிய ஒருவர் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டிருந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி. அவருக்கு எழுந்து போய் அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது.

பழுதுபார்ப்பவர் பக்கம் அக்கா குனிந்து, “வெளிய இருந்தவங்களுக்கு இதுவா கேட்டுச்சு?” என்று கேட்டார்.

“இதுதான்க்கா. எப்பவும் இதுதான்.”

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை முடிந்தபோது ஓட்டுநருக்கே சங்கடமாகிவிட்டது. ஏதாவது தப்பா என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையசைத்தார். மறுபடி அதே குறைகளைச் சொல்ல ஆரம்பித்தார், ஆனால் இந்தத் தடவை மெதுவாக. ஈரக் காற்று அடிக்கிற நாளில் கழுத்து கொஞ்சம் வளையும், பதறிப்போய்த் திருகைத் திருப்ப வேண்டாம், வெயில் வந்தால் தானாகத் திரும்பிவிடும் என்றார். நின்று வாசிக்க வேண்டாம், இன்றைக்கே ஒரு முக்காலி வாங்குங்கள் என்றார். “அந்த மூணாவது கட்டைல கரகரப்பு வருதில்ல? அதை மட்டும் யாரையும் சரிபண்ண விட்டுடாதீங்க.”

ஓட்டுநர் பேஸை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினார். “நீங்க ஒரு தடவை வாசிச்சுட்டுக் குடுங்களேன்.”

அக்காவின் கை பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றது.

“வேணாம்மா. வாசிச்சா குடுக்க மாட்டேன்.”

துணி உறையில் அவரே போட்டார். ஜிப்பை அவரே இழுத்தார். விலை பேசுவதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிட்டு, அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அதைத் தூக்கி இடது தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றார். கொடுங்கள் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஓட்டுநர் கை நீட்டியதை அவர் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கடையிலிருந்து தெருவுக்குப் பதினேழு படிகள். பத்தாவது படியில் விரல்கள் மரத்தன. அக்கா தோள் மாற்றிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார்.

தெருவோரம் ஓட்டுநரின் பழைய கார் நின்றிருந்தது. பின் இருக்கையில் பேஸைச் சாய்த்து வைத்தார்கள். ஓட்டுநர் முன்னால் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அக்கா பின் கதவைச் சாத்தப் போனவர், சாத்தாமல் உள்ளே குனிந்தார். இருக்கை பெல்ட்டை இழுத்து உறையின் மேல் குறுக்காகப் போட்டார். கொக்கியை அழுத்த இடது கை விரல்கள் ஒத்துழைக்கவில்லை; வலது உள்ளங்கையால் அழுத்தினார். ‘டக்’ என்று விழுந்தது. விழுந்ததுதானா என்று பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, கொஞ்சம் பலமாக, இன்னொரு முறை.